இன்டர்நெட்டை யார் எழுதுகிறார்கள்? ஒரு பையனின் கேள்விக்குப் பதில் வேண்டும்

பெகு தமிழ் வகுப்பு
12 ஜனவரி 2020, ஞாயிறு இரவு

எல்லோருக்கும் வணக்கம்.

பர்மாவின் பெகு ஊரில் ஒரு சின்னக் கோயில் மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். பதினேழு பிள்ளைகள் வருகிறார்கள். பாதிப் பேர் வீட்டில் தமிழ் பேசுவார்கள், எழுதத் தெரியாது. மற்றவர்களுக்குப் பாட்டி பேசுவது புரியும், பதில் பர்மியத்தில்தான் வரும். என்னை எல்லோரும் சயாமா (பர்மியத்தில் ஆசிரியை) என்றே கூப்பிடுகிறார்கள்.

இன்று ‘எங்கள் ஊர்’ என்று ஐந்து வரி எழுதச் சொன்னேன். பதின்மூன்று வயதுப் பையன் ஒருவன் அம்மாவின் போனில் எங்கள் கோயில் பெயரைப் போட்டுத் தேடியிருக்கிறான். ஒன்றும் வரவில்லை. நேரே என்னிடம் வந்தான். “சயாமா, நம்ம கோயில் இன்டர்நெட்ல இல்லையே. இன்டர்நெட்ட எழுதுறவங்க யாரு? அவங்ககிட்ட சொன்னா எழுதுவாங்களா?”

“நீயே எழுதலாம்டா” என்றேன். அவன் நம்பவில்லை. ஃபேஸ்புக்கில் படம் போடுவது வேறு, இன்டர்நெட்டில் எழுதுவது வேறு என்று அவன் மனதில் பதிந்திருக்கிறது. பள்ளிப் புத்தகம் எழுத எங்கோ ஆட்கள் இருப்பதுபோல இதற்கும் ஓர் அலுவலகம் இருக்கும், அங்கே படித்தவர்கள் உட்கார்ந்து எழுதுவார்கள் என்று நினைக்கிறான்.

அதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. 2014-ல் சிம் விலை இறங்கிய பிறகுதான் நானும் இணையத்துக்கு வந்தேன். வந்த அன்றே ஃபேஸ்புக். அதற்கு முன்னால் என்ன இருந்தது, படிக்கிறவர்கள் கைக்கு எழுதும் வசதி எப்போது வந்தது, இதெல்லாம் நான் பார்த்ததில்லை. அவனுக்குப் புரியும்படி யாராவது சொல்ல முடியுமா? வருடப் பட்டியல் வேண்டாம், எப்படி மாறியது என்பதுதான் வேண்டும்.

இன்னொரு கேள்வியும் இருக்கிறது. எங்கள் கோயிலில் ஆளுயரக் குத்துவிளக்கு ஒன்று உண்டு. அதன் அடித்தட்டில் ‘உபயம்’ என்று தொடங்கி இரண்டு வரி தமிழில் வெட்டியிருக்கிறார்கள். புளி போட்டுத் தேய்த்துத் தேய்த்து இரண்டாவது வரி மழுங்கிவிட்டது. அப்புறம், வகுப்புக்கு வரும் ஒரு பெண்ணின் பாட்டிக்கு நடவுப் பாட்டு ஒன்று தெரியும். அதில் வயல் என்று வரவேண்டிய இடத்தில் ‘லே’ என்ற பர்மியச் சொல் வருகிறது. பாட்டிக்கு எண்பதைத் தாண்டிவிட்டது. இந்த இரண்டையும் எங்கே வைத்தால் நிலைக்கும்?

—

ரங்கூன் பழைய நெட்கடை
13 ஜனவரி 2020

டீச்சரம்மா, அந்தப் பையனை என் சார்பில் ஒருமுறை தட்டிக்கொடுங்கள். அவன் கேட்டது சரியான கேள்வி. முதலில் அவன் நினைத்தது போலத்தான் இருந்தது. கொஞ்சப் பேர் எழுதினார்கள், மற்றவர்கள் படித்தார்கள்.

நான் 2004 முதல் 2012 வரை ரங்கூனில் இன்டர்நெட் கடை வைத்திருந்தேன். எங்கள் அப்பா கடைசிவரை டல்ஹௌசி வீதி என்றே சொன்ன மகாபந்துலா சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில், எட்டுக் கம்ப்யூட்டர்கள், ஒரு ஜெனரேட்டர். என் கண் முன்னால் நடந்ததை வைத்துச் சொல்கிறேன்.

1990 கடைசியில் சுவிட்சர்லாந்தின் செர்ன் ஆய்வுக்கூடத்தில் டிம் பெர்னர்ஸ் லீ, வலைப் பக்கங்களைத் திறக்கும் மென்பொருளான உலாவியை முதன்முதலாகச் செய்தபோது, அதிலேயே எழுதவும் முடியும். ஒரே ஜன்னலில் படிக்கலாம், திருத்தலாம், சேமிக்கலாம். ஆனால் அது நெக்ஸ்ட் என்ற, வெகு சிலரிடமே இருந்த கம்ப்யூட்டரில்தான் ஓடியது. மற்ற கம்ப்யூட்டர்களுக்காக அவசரமாகச் செய்த உலாவிகளில் எழுதும் பகுதியை விட்டுவிட்டார்கள். 1993-ல் மொசைக் என்ற உலாவி வந்தது. படமும் எழுத்தும் ஒன்றாகத் தெரிந்ததால் உலகமே அதைப் பிடித்துக்கொண்டது. அதுவும் படிக்க மட்டும்தான். கூடவே பிறந்த எழுதும் வசதி, ஊர் கூடுவதற்கு முன்பே விட்டுப்போனது. இதைப் பையனிடம் கட்டாயம் சொல்லுங்கள். வாசகன் எழுதுவது பிற்பாடு யாரோ இரங்கிக் கொடுத்த சலுகை என்று அவன் நினைத்துவிடக் கூடாது.

அப்புறம் பல ஆண்டுகள், ஒரு பக்கம் போட வேண்டும் என்றால் பக்கம் எப்படித் தெரிய வேண்டும் என்று சொல்லும் எச்டிஎம்எல் குறிகளைக் கையால் எழுதி, கோப்பாக்கி, வேறொரு மென்பொருள் வழியாக சர்வருக்கு, அதாவது பக்கங்களை வைத்திருந்து கேட்பவர்களுக்கு அனுப்பும் கம்ப்யூட்டருக்கு, ஏற்ற வேண்டும். ஓர் எழுத்துப் பிழை இருந்தாலும் கோப்பைத் திறந்து திருத்தி மறுபடி ஏற்ற வேண்டும். சொல்வதற்கு விஷயம் உள்ளவர்களிடம் இந்த வித்தை இல்லை. வித்தை தெரிந்தவர்கள் எல்லோரிடமும் விஷயம் இருந்ததாகவும் சொல்ல முடியாது.

இதை மாற்றியது ஒரு பெட்டி. பக்கத்திலேயே ஒரு வெற்றுப் பெட்டி, கீழே ஒரு பொத்தான். பிள்ளைகளுக்கு இப்படிச் சொல்லிப் பாருங்கள். பழைய பக்கம் என்பது அச்சடித்த நோட்டீஸ். சுவரில் ஒட்டியாயிற்று, அவ்வளவுதான். புதிய பக்கம், நம் செட்டியார்கள் கிட்டங்கி என்ற வியாபாரக் கூடத்தில் வைத்திருந்த பேரேடு, அதாவது கணக்குப் புத்தகம் மாதிரி. நீங்கள் பெட்டியில் எழுதிப் பொத்தானை அழுத்தியதும் அது பேரேட்டில் ஒரு வரியாகப் பதிகிறது, யார், எந்தத் தேதி, எந்த மணி என்பதோடு. அடுத்த ஆள் அந்தப் பக்கத்தைக் கேட்கும்போது சர்வர் பேரேட்டைப் பார்த்து, அதுவரை பதிந்த வரிகளைச் சேர்த்து, அந்த நொடியில் பக்கத்தை உண்டாக்கிக் கொடுக்கிறது. அதனால்தான் நீங்கள் எழுதியது அடுத்த நிமிடம் டொராண்டோவில் இருப்பவருக்குத் தெரிகிறது. தரவுத்தளம் என்று சொல்வது அந்தப் பேரேட்டைத்தான்.

1995 மார்ச்சில் வார்ட் கன்னிங்காம் என்ற அமெரிக்கர், யார் வந்தாலும் திருத்தக்கூடிய ஒரு தளத்தைத் திறந்தார். ஹவாய்த் தீவுகளில் உள்ள ஹொனலூலு விமான நிலையத்தில் ஓடிய ‘விக்கி விக்கி’ பஸ்ஸின் பெயரை அதற்கு வைத்தார். ஹவாய் மொழியில் சீக்கிரம் சீக்கிரம் என்று பொருள். விக்கிப்பீடியாவில் உள்ள விக்கி அதுதான். 1999-ல் பிளாகர் என்ற வலைப்பதிவுத் தளம் வந்தது. பெட்டியில் எழுது, பொத்தானை அழுத்து, உன் பக்கம் தயார். 2003-ல் கூகுள் அதை வாங்கியது. 2004-ல் படங்களுக்கு ஃபிளிக்கர், 2005-ல் வீடியோவுக்கு யூடியூப். 2004 அக்டோபரில் டிம் ஓ’ரெய்லி என்ற பதிப்பாளர் கூட்டம் நடத்தி, வாசகரும் எழுதும் இந்த வலைக்கு ‘வெப் 2.0’ என்ற பெயரைப் பரப்பினார். இந்தப் பெயரை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பெயர் வருவதற்கு முன்பே காரியம் நடந்துகொண்டிருந்தது. அமேசானில் 1995-லேயே வாசகர்கள் புத்தக விமர்சனம் எழுதினார்கள். வலைக்கும் முந்தைய, யூஸ்நெட் என்ற விவாதக் குழுக்களின் தொகுப்பில் ‘சாக் கல்ச்சர் தமிழ்’ என்ற குழுவில் நம் ஆட்கள் ஆங்கில எழுத்திலேயே தமிழை எழுதிச் சண்டை போட்டிருக்கிறார்கள்.

சரி, நமக்கு வந்த தடை வேறு. பெட்டி இருந்தது, பொத்தான் இருந்தது, எழுத்து இல்லை.

என் கடையில் தமிழ் படிக்க வருபவர்களுக்காக ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்திருந்தேன், எந்தப் பத்திரிகைக்கு எந்த எழுத்துரு என்று. ஒவ்வொரு பத்திரிகையும் தனி எழுத்துரு வைத்திருந்தது. அது கம்ப்யூட்டரில் இல்லையென்றால் திரையில் தமிழே வராது, ஆங்கில எழுத்தும் புள்ளியும் கோடுமாக நிற்கும். தமிழ் எழுத்தைக் கம்ப்யூட்டரில் குறிக்கும் முறைகளிலும் திஸ்கி ஒரு பக்கம், 1999 சென்னை மாநாட்டில் முடிவான தாம், தாப் இன்னொரு பக்கம். ஓரிடத்தில் எழுதியதை இன்னோரிடத்தில் ஒட்டினால் குப்பையாகிவிடும். எல்லா மொழிக்கும் பொதுவான ஒருங்குறியில் (யுனிகோட்) 1991 முதலே தமிழுக்கு இடம் இருந்தது. ஆனால் விண்டோஸ் 2000, எக்ஸ்பி வந்த பிறகுதான் அது சாதாரண ஆளின் மேசைக்கு வந்தது. இ-கலப்பை என்ற இலவச மென்பொருளைப் போட்டுக்கொண்டால் ஆங்கில விசைகளிலேயே அம்மா என்று தட்டித் தமிழில் அம்மா வரவைக்கலாம். எட்டுக் கம்ப்யூட்டரிலும் அதைப் போட்டு வைத்தேன்.

இதை உங்கள் பிள்ளைகளுக்கு விளக்கவே வேண்டாம். ஜோஜி எழுத்துருவில் எழுதிய பர்மியம் யுனிகோட் போனில் எப்படிச் சிதறித் தெரியும் என்று அவர்களுக்கே தெரியும். போன அக்டோபர் 1-ந் தேதிதானே நாடு முழுவதும் யுனிகோடுக்கு மாறச் சொன்னார்கள். தமிழ் பதினைந்து ஆண்டு முன்பு பட்ட பாடு அதுதான் என்று ஒரு வரியில் சொன்னால் போதும்.

இப்போது ஒரு சம்பவம் சொல்கிறேன், இதற்காகத்தான் இவ்வளவு எழுதுகிறேன். 2005 மழைக்காலம். எழுபது வயதைத் தாண்டிய ஒரு பெரியவர் சாயங்காலம் வருவார். தமிழ்ப் பத்திரிகை படிப்பார், போவார். அப்போது தமிழில் வலைப்பதிவுகள் பெருகிவிட்டன. முந்தைய ஆண்டுதான் தமிழ்மணம் என்ற திரட்டி வந்திருந்தது, எந்தப் பதிவில் யார் என்ன எழுதினாலும் தலைப்பு அங்கே வந்து நிற்கும். ஒருநாள் அதில் ரங்கூன் நினைவுகள் பற்றி ஒரு பதிவு இருந்ததைப் பெரியவருக்குத் திறந்து கொடுத்தேன். எழுதியவர் எங்கள் ஊர்த் தெரு ஒன்றின் பெயரைத் தப்பாகச் சொல்லியிருந்தார். பெரியவருக்குப் பொறுக்கவில்லை. “இவனுக்கு யாராச்சும் சொல்லணுமே தம்பி” என்றார். “கீழே பெட்டி இருக்கு, நீங்களே சொல்லுங்கய்யா” என்றேன்.

முன்னே பின்னே டைப் அடித்தவர் இல்லை. ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடினார். ‘ழ’ வரவில்லை என்று இரண்டு முறை கூப்பிட்டார். நாலு வரிக்கு நாற்பது நிமிடம் ஆனது. நடுவில் கரண்ட் போய்விடக் கூடாதே என்று எனக்குப் பதைப்பு. கடைசியில் தன் பெயரையும், ‘ரங்கூன்’ என்றும் போட்டு அழுத்தினார். அவர் எழுதியது பக்கத்தில் வந்து நின்றதும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார்.

மறுநாள் அதன் கீழே கனடாவிலிருந்து ஒருவர் பதில் எழுதியிருந்தார். 1964-ல் கடைகளை அரசு எடுத்துக்கொண்டபோது கப்பலேறிய குடும்பம். அதே தெருவில் இருந்தவர்கள். முனையில் இருந்த லேபெயே (தேநீர்) கடையின் பெயரைச் சொல்லி, அது இன்னும் இருக்கிறதா என்று கேட்டிருந்தார். பெரியவர் அதை அச்செடுத்துத் தரச் சொன்னார். காசு வாங்க மாட்டேன் என்றேன், மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். நாற்பத்தோரு ஆண்டு பேச்சு இல்லாமல் கிடந்த ஒரு தெருவை, அந்த வெற்றுப் பெட்டி மறுபடி பேச வைத்தது. நான் அதைப் பார்த்தேன்.

2007 செப்டம்பரில் புத்த பிக்குகள் ராணுவ ஆட்சியை எதிர்த்து ஊர்வலம் போனபோது சாதாரண ஆட்கள் கையடக்கக் கேமராவிலும் போனிலும் எடுத்த படங்கள்தான் வெளியுலகுக்குப் போயின. மாதக் கடைசியில் இணையத்தையே துண்டித்துவிட்டார்கள். கடையை இழுத்துச் சாத்தினேன். 2014-ல் நீங்கள் சொன்னபடி சிம் விலை 1,500 கியாட்டுக்கு வந்தது. சில ஆண்டுகளுக்கு முன்புவரை ஆயிரம் டாலருக்கு மேல் விற்ற பொருள் அது. ஊர் முழுக்க ஒரே நேரத்தில் எழுத வந்தது, ஆனால் ஒரே வாசல் வழியாக வந்தது. வலைப்பதிவு, விக்கி, திருத்தம், விவாதம் எதையும் பார்க்காமல் நேராக ஃபேஸ்புக். 2015 தொடக்கத்தில் அங்கே பர்மியத்தில் வரும் பதிவுகளைக் கண்காணிக்க அந்த மொழி தெரிந்தவர்கள் இரண்டே பேர் என்று பிற்பாடு ராய்ட்டர்ஸ் எழுதியது. வெறுப்பைப் பரப்பியவர்களும் அதே பெட்டியில்தான் எழுதினார்கள். போதிய அளவு தடுக்கவில்லை என்று 2018-ல் அந்த நிறுவனமே ஒப்புக்கொண்டது. பதின்மூன்று வயதுப் பிள்ளையிடம் இதையும் மறைக்காமல் சொல்லலாம் என்பது என் எண்ணம்.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு என் அனுபவம் ஒன்றுதான். கடைக்கு வந்த பெரியவர்கள் சொன்ன பழைய ரங்கூன் கதைகளை முப்பது பக்கம்போல ஓர் இலவசத் தளத்தில் எழுதி வைத்திருந்தேன். ஒருநாள் அந்தத் தளத்தை மூடிவிட்டார்கள். என்னிடம் பிரதி இல்லை. சொன்னவர்களில் பலர் இன்று இல்லை. எங்கே ஏற்றினாலும் ஒரு பிரதி வீட்டில், ஒரு பிரதி வேறொருவர் வீட்டில் இருக்கட்டும்.

—

வியாசர்பாடி பேரன்
13 ஜனவரி 2020

அக்கா, நான் சென்னை. தாத்தா பாட்டி பெகு பக்கத்திலிருந்து வந்தவர்கள். பீலிக்கான் முனீஸ்வரர் பெயரைச் சொல்லாமல் எங்கள் வீட்டில் எந்தக் காரியமும் தொடங்காது. ஐயா எழுதியதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் எழுதத் தோன்றவில்லை.

தமிழ் விக்கிப்பீடியாவில் ஒன்பது ஆண்டாக எழுதுகிறேன், அந்தப் பக்கம் மட்டும் சொல்கிறேன். “எழுதும் அலுவலகம்” என்று உங்கள் மாணவன் நினைத்தானே, அப்படி ஒன்றை உண்மையிலேயே நடத்திப் பார்த்தார்கள். 2000-ல் ஜிம்மி வேல்ஸும் லாரி சாங்கரும் தொடங்கிய நுபீடியா. அறிஞர்கள் எழுதி, ஏழு கட்டச் சோதனை தாண்டித்தான் கட்டுரை வெளிவரும். 2003-ல் மூடும்வரை எல்லாச் சோதனையும் கடந்தவை ஏறத்தாழ 25 கட்டுரைகள். அதற்குப் பக்கத்திலேயே 2001 ஜனவரி 15-ல் எல்லோரும் எழுதலாம் என்று திறந்த விக்கிப்பீடியாவில் அந்த ஆண்டு முடிவுக்குள் 20,000 அளவுக்குச் சேர்ந்துவிட்டன. தமிழில் 2003-ல் தொடங்கியது. இலங்கையில் பிறந்து அமீரகத்தில் வேலை பார்த்த கட்டடக்கலைஞர் மயூரநாதன், ஆரம்பத்தில் ஏறக்குறைய தனி ஆளாக எழுதி எழுதியே அதை நிறுத்தினார். 2017-ல் ஒரு லட்சம் கட்டுரையைத் தாண்டியது. கூலி யாருக்கும் கிடையாது.

தமிழில் இந்தப் பழக்கம் அதற்கும் முந்தியது. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில் பல நாடுகளில் இருந்த தன்னார்வலர்கள் பழைய நூல்களைப் பங்கு போட்டுத் தட்டச்சு செய்து, மெய்ப்புப் பார்த்து, இலவசமாக ஏற்றினார்கள். நாளை மறுநாள் பொங்கலோடு இருபத்திரண்டு ஆண்டு ஆகிறது. 2005-ல் ஈழத்து நூல்களுக்காக நூலகம் திட்டம் வந்தது. 1981-ல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததைப் பார்த்த சமூகம் அது, ஏன் செய்தார்கள் என்று தனியாகச் சொல்ல வேண்டாம்.

என் முதல் திருத்தம் ஒரே எழுத்து. ஒரு கட்டுரையில் ரகரம், றகரம் மாறியிருந்ததைச் சரிசெய்தேன். பத்து நிமிடத்தில் யாரோ பழையபடி ஆக்கிவிட்டார். கோபம் வந்தது. ‘வரலாறு’ என்று மேலே உள்ளதை அழுத்தினால், நான் என்ன செய்தேன், அவர் ஏன் மாற்றினார் என்று இரண்டு வரிசையாக நிற்கிறது. உரையாடல் பக்கத்தில் கேட்டேன். அகராதியைக் காட்டி அவர் சொன்னதுதான் சரி. இன்றுவரை அந்த மனிதரை நேரில் பார்த்ததில்லை, நான் தமிழ் கற்றதில் அவருக்குப் பங்கு உண்டு. உங்கள் வகுப்பில் முதலில் அந்த ‘வரலாறு’ பக்கத்தைக் காட்டுங்கள். எழுதுபவர்கள் யார் என்ற கேள்விக்கு அங்கே கண்ணால் பார்க்கிற பதில் இருக்கிறது.

விளக்கின் படம், பாட்டின் ஒலி இரண்டும், விக்கிப்பீடியாவுக்கான படங்களையும் ஒலிகளையும் சேர்த்து வைக்கும் விக்கிமீடியா காமன்ஸுக்குப் பொருந்தும். எடுத்தவர், யாரும் பயன்படுத்தலாம் என்ற உரிமத்தைத் தர வேண்டும். இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இணையக் காப்பகத்திலும் ஒரு பிரதி வையுங்கள். ஆனால் கோயிலைப் பற்றிக் கட்டுரை எழுத வேறு யாராவது நம்பகமான இடத்தில் எழுதி வெளியிட்ட சான்று கேட்பார்கள். நம்மைப்போல எழுதி வைக்காத சமூகத்துக்கு இது கடினம்தான், அந்த விதியோடு எனக்கும் மனத்தாங்கல் உண்டு. பிள்ளைகள் பழக ‘மணல்தொட்டி’ என்ற பக்கம் இருக்கிறது. அங்கே பிழையாக எழுதினாலும் யாரும் கேட்க மாட்டார்கள்.

—

மோல்மேன் பேத்தி
14 ஜனவரி 2020

சயாமா, எல்லாம் நன்றாகச் சொல்கிறார்கள், எனக்கு ஒரு மாற்றுக் கருத்து. நம் ஆட்கள் இருக்கும் இடம் ஃபேஸ்புக். அந்தப் பாட்டியின் பாட்டை அங்கே போட்டால் தட்டோனில், பீலிக்கானில், சென்னையில் இருக்கும் சொந்தக்காரர்கள் அன்றைக்கே கேட்பார்கள். அதே பாட்டின் வேறு அடி தெரிந்த இன்னொரு கிழவி கிடைத்தாலும் கிடைப்பார். காமன்ஸில் வைத்தால் பத்திரமாக இருக்கும், யார் போய்க் கேட்பது? இரண்டு இடத்திலும் போடுங்கள்.

இன்னொன்று. பாட்டியிடம் முதலில் கேளுங்கள். “யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம்” என்பதை அவருக்குப் புரியும்படி தமிழில் சொல்லிக் கேளுங்கள். எங்கள் குடும்பத்தில் ஒரு சாவு வீட்டு ஒப்பாரியை யாரோ பதிவு செய்து போட்டுவிட்டார்கள். எங்கள் அத்தை ஒரு மாதம் யாரிடமும் பேசவில்லை. பிள்ளைகள் முகமும் வேண்டாம்.

—

பெகு தமிழ் வகுப்பு
19 ஜனவரி 2020, ஞாயிறு இரவு

எல்லோருக்கும் நன்றி. ஐயா, பெரியவர் கதையை வகுப்பில் அப்படியே வாசித்துக் காட்டினேன். நாற்பது நிமிடம் என்றதும் சிரித்தார்கள், கண்ணாடியைத் துடைத்தார் என்ற இடத்தில் சத்தம் அடங்கிவிட்டது.

பிறகு தம்பி சொன்னபடி ‘வரலாறு’ பக்கத்தைத் திறந்தேன். ‘பெகு’ என்று வரும் ஒரு கட்டுரை. யார் யார் எந்த நாளில் எந்த வரியைச் சேர்த்தார்கள் என்று வரிசையாக இருந்தது. அந்தப் பையன் விரலால் மேலிருந்து கீழே தள்ளிக்கொண்டே போனான். “இவங்க எல்லாம் சம்பளம் வாங்காம எழுதினாங்களா?” ஆமாம் என்றேன். “இவர் ராத்திரி ரெண்டு மணிக்கு எழுதியிருக்காரு சயாமா.” அந்த நேரம்தான் அவனை நம்ப வைத்தது என்று நினைக்கிறேன். அலுவலகம் இரவு இரண்டு மணிக்குத் திறந்திருக்காது என்று அவனே சொன்னான்.

மணல்தொட்டியில் அவன் நாலு வரி எழுதினான். ‘எங்கள் கோயிலில் ஒரு பெரிய விளக்கு உள்ளது’ என்று தொடங்குகிறது. ‘உள்ளது’வில் ளகரத்துக்கு லகரம் போட்டிருந்தான். பக்கத்திலிருந்த பெண் அவனைக் கேட்காமலே திருத்திச் சேமித்துவிட்டாள். சண்டை வரும் என்று பார்த்தேன். அவன் ‘வரலாறு’ போய், அவள் மாற்றியதைப் பார்த்துவிட்டு, “சரி” என்றான்.

விளக்கின் அடித்தட்டைச் சாய்வான வெளிச்சத்தில் எடுத்தோம். ஒருவன் டார்ச்சைத் தரையோடு பிடித்தான், எழுத்தின் பள்ளங்களில் நிழல் விழுந்தது. இரண்டாவது வரியில் ‘பெகு’வும் ‘வருஷம்’ என்ற சொல்லும் தெளிவாக வந்துவிட்டன. வருஷத்தின் பெயர் இன்னும் தெரியவில்லை, முதல் எழுத்து ‘வி’ போல இருக்கிறது. விபவ, விக்ரம, விஜய, விளம்பி, விகாரி, விசுவாவசு என்று சிலவற்றைக் கரும்பலகையில் எழுதி, ஒவ்வொன்றும் எந்தெந்த ஆண்டில் வரும் என்று பிள்ளைகளைக் கணக்குப் போட வைத்தேன். விகாரி என்றால் இதே வருஷம் என்று ஒருத்தி கத்தினாள். அப்படியானால் அறுபதைக் கழிக்க வேண்டும், 1959, அதற்கு முன் 1899. அடுத்த எழுத்து பிடிபட்டால் தெரிந்துவிடும். படத்தை ஏற்றிவிட்டுச் சொல்கிறேன், உங்கள் கண்ணுக்கு என்ன தெரிகிறது என்று பாருங்கள்.

பாட்டியிடம் கேட்டேன், மோல்மேன் அக்கா. முழுக்க விளக்கிச் சொன்னேன். யார் வேண்டுமானாலும் கேட்கட்டும், பாடட்டும் என்றார். ஆனால் போனில் அந்தப் பெண் முன்பே எடுத்து வைத்த பதிவு வேண்டாமாம். அதில் மூன்றாவது அடியை விட்டுவிட்டாராம், தப்பாக உலகத்துக்குப் போகக் கூடாதாம். அடுத்த ஞாயிறு மண்டபத்துக்கு வந்து பாடித் தருகிறேன் என்றிருக்கிறார். கைத்தட்டுக்கு இரண்டு பெண்கள் வேண்டும் என்றார், வகுப்பிலிருந்தே கொடுக்கிறேன். மண்டபத்தில் சத்தம் எதிரொலிக்கும். போனில்தான் பதிவு செய்ய வேண்டும், எப்படி எடுத்தால் சொல் தெளிவாக வரும்?

—

ரங்கூன் பழைய நெட்கடை
19 ஜனவரி 2020

மண்டபம் வேண்டாம் டீச்சரம்மா, மடப்பள்ளியோ அரிசி மூட்டை அடுக்கிய அறையோ இருந்தால் அங்கே உட்கார வையுங்கள், எதிரொலி குறையும். மின்விசிறியை நிறுத்துங்கள். போனை விமானப் பயன்முறையில் போட்டு, மடித்த துண்டின் மேல் பாட்டியின் வாய்க்கு ஒரு முழத் தூரத்தில் வையுங்கள். கைத்தட்டும் பெண்கள் நாலு அடி தள்ளி நிற்கட்டும்.

முதலில் பாட்டியைப் பாடாமல் பேசச் சொல்லுங்கள். எந்த ஊர் வயல், யாரிடம் கற்றார், ‘லே’ என்று எப்போதிருந்து சொல்கிறார்கள். அதையும் சேர்த்தே பதிவு செய்யுங்கள். பிறகு இரண்டு முறை பாடட்டும். முடிந்ததும் அங்கேயே ஒரு பிரதியை எனக்கு அனுப்பிவிடுங்கள். ஒரு பென் டிரைவில் போட்டு எங்கள் வீட்டு இரும்பு அலமாரியில் வைக்கிறேன்.